ஆபாசம் என்ற சொல்லை எங்கே வைப்பது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக் கிராமமொன்றின் மாதர் சங்கச் செயலாளர் ஒருவர் கேட்டது இது: "கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் அக்கா ஒருவரை யாரோ வேலிக்கு மேலால் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். பொலிஸுக்குக் கொடுக்கும் முறைப்பாட்டில் 'இவருடைய ஆபாசப் படம் பரப்பப்பட்டுள்ளது' என்று எழுதினேன். வாசித்துக் காட்டினதும் அந்த அக்கா ஒன்றும் பேசாமல் எழும்பிப் போய்விட்டா. ஆபாசம் என்றால் சரியான அர்த்தம் என்ன? தூசணம், அசிங்கம், விரசம் எல்லாம் ஒன்றுதானா? வேறு எப்படி எழுதலாம்?"

தங்கச்சி, அந்த அக்கா எழும்பிப் போனதில் உங்கள் கேள்விக்கான விடை பாதி இருக்கிறது. "இவருடைய ஆபாசப் படம்" என்று எழுதினால், ஆபாசம் அந்த அக்காவின் சொத்து ஆகிவிடுகிறது. குளித்தது அவ. களவாக எடுத்தது இன்னொருவன். பரப்பினது இன்னும் பலர். ஆனால் வசனத்தில் ஆபாசத்துக்குப் பக்கத்தில் நிற்பது அவவுடைய பெயர் மட்டும்தான். அந்தச் சொல் ஒரு செயலைக் குறிக்க வேண்டியது. அதை ஓர் ஆளின்மேல், ஓர் உடம்பின்மேல் ஒட்டிவிட்டோம். நீங்கள் மட்டுமில்லை, செய்தி எழுதுகிறவர்களும் தினமும் இதையே செய்கிறார்கள்.

நான் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து நீதிமன்றங்களில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட உரைபெயர்ப்பாளராக இருந்தவன். சாட்சிக் கூட்டில் நிற்கிறவர்களின் சொல்லை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் வேலை. இந்த ஒரு சொல் எத்தனை பேரைத் தலைகுனிய வைத்தது என்று கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சொல்லின் பிறப்பிலிருந்து தொடங்குவோம். ஆபாசம் வடசொல். 'பாஸ்' என்ற வேருக்கு ஒளிர்தல், தோன்றுதல் என்று பொருள். 'ஆ' என்ற முன்னொட்டுச் சேர்ந்து ஆபாசம் ஆனபோது தோற்றம், சாயல், மெய்போல் தெரிகிற போலி என்ற பொருள்கள் வந்தன. வேதாந்த நூல்களில் சிதாபாசம் என்று வரும், அறிவின் சாயல் என்று அர்த்தம். தருக்க நூல்களில் ஹேத்வாபாசம் என்று வரும், ஏதுபோல, அதாவது காரணம்போலத் தெரிந்து ஏது ஆகாதது. இதைத் தமிழில் எவ்வளவு அழகாகச் சொன்னார்கள் என்று பார்க்க மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதைக்குப் போக வேண்டும். பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று அங்கே வரிசையாக வரும். பக்கம் என்றால் நிறுவ வந்த கூற்று, திட்டாந்தம் என்றால் எடுத்துக்காட்டு. வடமொழி தருக்கத்தில் ஆபாசம் என்று இருந்த இடத்திலெல்லாம் தமிழில் போலி. உடம்பும் உடுப்பும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், எனக்கு இது தெரிய வந்த நாளில் பெரிய வியப்பாக இருந்தது. நாங்கள் தூசணம் என்கிறோமே, அதுவும் அதே வாத மண்டபத்திலிருந்து வந்த சொல்தான். தூஷணம் என்றால் எதிராளியின் வாதத்தில் குற்றம் காட்டி மறுத்தல். மணிமேகலையின் அந்தக் காதைக்கு மிக நெருக்கமான பௌத்த தருக்க நூல் நியாயப்பிரவேசம். அதன் முதல் சுலோகத்திலேயே சாதனம், தூஷணம், ஆபாசம் மூன்றும் சேர்ந்து நிற்கும்: நிறுவுதல், மறுத்தல், அவற்றின் போலிகள். அறிஞர்கள் அவையில் இருந்து பேசிய இரண்டு சொற்கள், இன்றைக்கு ஒன்று கெட்ட படத்துக்கும் மற்றது கெட்ட பேச்சுக்கும் பெயராகி நிற்கின்றன. தூஷணம் குற்றம் காட்டுதலிலிருந்து பழித்தலுக்கு வந்து, பழித்தலிலிருந்து வசவுக்கு வந்த பாதை தெளிவானது. கிறிஸ்தவர்கள் வாசிக்கும் வேதாகமத்தில் தேவதூஷணம் என்று இருப்பது அந்தப் பாதையின் நடுவழி.

ஆபாசம் எப்படி இந்தப் பக்கம் திரும்பியது? என் எண்ணம், வழி அணியிலக்கணத்துக்குள்ளால் போகிறது. வடமொழிக் காவிய இலக்கணத்தில் ரசாபாசம் என்று ஒன்று உண்டு. ஒரு சுவை தகாத இடத்தில், தகாத ஆள்மேல் எழுந்தால் அது சுவை ஆகாது, சுவையின் போலி. மம்மடர் தம் காவியப்பிரகாசத்தில் இதை "அநௌசித்தியத்தால்" எழுவது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார். ஔசித்தியம் என்றால் பொருத்தம். பொருத்தமில்லாத இடத்தில் காதலைக் காட்டினால் ரசாபாசம். "பந்தியில குடிச்சுப்போட்டு வந்து சண்டை பிடிச்சு எல்லாம் ரசாபாசமாப் போச்சு" என்று வயதுபோனவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தச் சொல்லில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. விரசமும் இந்தக் குடும்பம்தான்: ரசம் இல்லாதது, சுவை கெட்டது. ஆக, ஆபாசம் 'போலி'யிலிருந்து 'பொருந்தாதது'க்கு வந்து, பிறகு 'பொருந்தாமல் காட்டப்பட்டது' என்று இறுகிப்போயிருக்க வேண்டும்.

அயல் மொழிகளையும் பாருங்கள். மலையாளத்தில் ஆபாசன் என்றால் ஒழுக்கங்கெட்டவன், எங்களுக்கு மிகக் கிட்ட. தெலுங்கில் ஒருவன் அபாசு பாலானான் என்றால் ஊர் சிரிக்கும்படி ஆனான் என்று பொருள். ஹிந்தியில் ஆபாஸ் என்பது மனதில் தட்டுப்படும் மங்கலான உணர்வு, அங்கே கெட்ட அர்த்தமே இல்லை. தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கத்தார் புராண ஆபாசம் என்று எழுதியபோது, அருவருப்பும் அறிவுக்கு ஒவ்வாமையும் இரண்டும் அதில் கலந்திருந்தன.

இனி எங்கள் பக்கம். மட்டக்களப்பு, அம்பாறைப் பேச்சில் ஆபாசம் என்ற சொல் மிக அபூர்வம். அது பேப்பர்ச் சொல், மேடைச் சொல், இப்போது பேஸ்புக் சொல். வாயில் வருவது தூசணம், ஊத்தைக் கதை, கூடாத கதை. இந்த மூன்றும்கூட ஒன்றில்லை. தூசணம் என்பது ஏச்சு. ஒருவரைப் பார்த்து, அவரை இழிவாக்க வேண்டும் என்று எறிகிற சொல். தாயை, சகோதரியைத் தொட்டு எறிவது பச்சைத் தூசணம். ஊத்தைக் கதை யாரையும் நோக்கி எறியப்படாது, நாலு பேர் கூடிச் சிரித்துக் கதைப்பது. கூடாத கதை இரண்டையும் மூடி மறைத்துச் சொல்ல உதவும் பொதுப்பெயர். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் உம்மாமார் பிள்ளையைத் தடுப்பது பெரும்பாலும் இந்தச் சொல்லாலேதான்: "கூடாத கதை கதைக்காத." எது என்று சொல்லாமலே பிள்ளைக்கு விளங்கும். அசிங்கம் எங்களுக்குப் படத்தாலும் தொலைக்காட்சியாலும் பரவலாக வந்தது. அது அருவருப்பைச் சொல்லும். வாந்தியும் அசிங்கம், சீழும் அசிங்கம். ஆபாசத்துக்கு அதை மாற்றுச் சொல்லாகப் போடுவது இன்னும் மோசம், ஏனென்றால் அது உடம்பையே ஊத்தை என்று சொல்லிவிடும்.

நீதிமன்றத்தில் ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். கரையோரக் கிராமத்துப் பெண் ஒருவர் சாட்சிக் கூட்டில் நின்றார். நாற்பது வயதிருக்கும், முந்தானையின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு இருந்தார். "எதிரி உங்களைப் பார்த்து என்ன சொன்னார்?" என்று சட்டத்தரணி கேட்டார்.

"தூசணத்தால ஏசினான் ஐயா."

"என்ன தூசணம்? அந்தச் சொல்லைச் சொல்லுங்கள்."

"அத என்ட வாயால சொல்ல மாட்டன்."

சட்டத்தரணி விடவில்லை. சொல்லாவிட்டால் சாட்சியமே இல்லை என்றார். மண்டபம் முழுக்க ஆம்பிளைகள், அவரோ நிலத்தைப் பார்த்தபடி. நீதவான் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளும் பேனையும் கொடுக்கச் சொன்னார். அவர் தாளைக் கையில் வைத்துக் கனநேரம் நின்றார். பிறகு கூட்டின் விளிம்பில் வைத்து, மறுகையால் மறைத்துக்கொண்டு எழுதி, தாளை நாலாக மடித்து என்னிடம் தந்தார். நான் மடிப்பைப் பிரிக்காமலே மேலே கொடுத்தேன். எழுதிய பேனையை அவர் தன் முந்தானையால் துடைத்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்று ஒரு நூற்பா எழுதியிருக்கிறார். அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்க என்பது பொருள். நன்னூலார் இதை இடக்கரடக்கல் என்று பெயரிட்டுத் தகுதி வழக்கில் சேர்த்தார். நாங்கள் பள்ளியில் "கால் கழுவி வந்தான்" என்று உதாரணம் எழுதி மார்க்ஸ் வாங்கிய பாடம். அந்தப் பெண் பள்ளிக்கூடப் பக்கம் எவ்வளவு போனாரோ தெரியாது, ஆனால் அந்த நூற்பாவை என் கண்முன்னே நடத்திக் காட்டினார்.

நூற்பாவின் சொல்லை நன்றாகக் கவனியுங்கள், தங்கச்சி. 'அவையல் கிளவி'. கெட்ட கிளவி என்று அவர் சொல்லவில்லை, இழிந்த கிளவி என்று சொல்லவில்லை. அவைக்கு ஆகாத கிளவி. அந்தச் சொல்லுக்கு வீட்டில் இடமிருக்கலாம், வைத்தியரிடம் இடமிருக்கலாம், புருஷன் பெண்சாதிக்குள் இடமிருக்கலாம். அவையில் இடமில்லை, அவ்வளவுதான். அடுத்த நூற்பாவில் "மறைக்குங் காலை மரீஇயது ஒராஅல்" என்று இன்னும் நுணுக்கமாகப் போகிறார். பழகிப்போன சொல்லை மறைக்க வேண்டியதில்லை. ஆப்பி (மாட்டுச் சாணம்), ஆட்டுப்பிழுக்கை, யானை இலண்டம் என்று உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். கழிவுதான், ஆனாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. பொருள் ஒன்றே, இடமும் பழக்கமும்தான் வேறு.

சிங்களத்தில் ஆபாசத்துக்கு அசப்ய என்பார்கள். தமிழ் அகராதியிலும் அசப்பியம் உண்டு. சபைக்கு ஆகாதது என்பதே அதன் நேர்ப்பொருள். அவையல் கிளவிக்கும் அசப்பியத்துக்கும் ஒரே எலும்பு. அம்பாறையில் இந்தச் சொல்லால் ஒரு சிக்கல் அடிக்கடி வரும். பொத்துவில் பக்கத்துத் தாய் தமிழில் "தூசணத்தால ஏசினான்" என்று சொல்லுவார். முறைப்பாட்டுப் புத்தகத்தில் அது சிங்களத்தில் "அசப்ய வசன" என்று ஏறும். வழக்குக்கு வரும்போது மறுபடி தமிழாகி "ஆபாச வார்த்தைகள் பேசினார்" என்று வரும். அந்தத் தாய் கேட்டுத் திடுக்கிடுவார்: "என்னோட அவன் ஆபாசமாப் பேசல்ல ஐயா, ஏசினவன்!" அவர் சொல்வதுதான் சரி. தமிழில் ஒருவன் ஒரு பெண்ணிடம் ஆபாசமாகப் பேசினான் என்றால் காமக் கருத்தோடு பேசினான் என்றே எவரும் எடுப்பார்கள். வேலிச் சண்டையில் தாயைத் தொட்டு ஏசினது வேறு குற்றம், வேறு காயம். இரண்டு மொழிபெயர்ப்பு தாண்டினதில் அவர் கொடுத்த முறைப்பாடு இன்னொருவருடையதாக மாறிவிடும். நான் அப்படியான இடங்களில் தூசணம் என்ற சொல்லையே தமிழ்ப் பக்கத்தில் வைத்தேன். மேலே இருந்தவர்கள் சிலர் அது பேச்சுவழக்கு என்று குறை சொன்னார்கள். இப்போதும் நான் செய்தது சரி என்றே நம்புகிறேன்.

இனி உங்கள் கிணற்றடிக்கு வருவோம். எங்கள் ஊர்களில் பெண்கள் குறுக்குக்கட்டுக் கட்டிக்கொண்டு கிணற்றிலும் குளத்திலும் வாய்க்காலிலும் குளிப்பது காலங்காலமாக நடப்பது. தோள் தெரியும், முழங்கால் தெரியும். றோட்டால் போகிற மாமா "என்ன புள்ள, தண்ணி வத்திட்டா?" என்று கேட்டுவிட்டு, பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு போவார். அந்த இடத்தில் ஆபாசம் எங்கே? வாவியில் கச்சையோடு நின்று வலை வீசுகிறவரில் யாராவது ஆபாசம் கண்டதுண்டா? கல்முனை பஸ்ஸில் பிள்ளை அழுதால் தாய் முந்தானையை இழுத்துவிட்டுப் பால் கொடுப்பா, பக்கத்தில் இருக்கிற கிழவர் யன்னலை மூடிக் காற்றை மறைத்துக் கொடுப்பார். உடம்பு தெரிவதால் ஆபாசம் பிறப்பதில்லை. பார்க்கக் கூடாதவன் பார்க்கிறான், காட்டக் கூடாத இடத்தில் காட்டுகிறான், அங்கேதான் பிறக்கிறது. அதே குறுக்குக்கட்டு, அதே கிணறு, அதே அக்கா. வேலிக்கு மேலால் ஒரு போன் எட்டிப் பார்த்த நொடியில்தான் ஆபாசம் வந்தது. அதைக் கொண்டுவந்தவன் போன் வைத்திருந்தவன்.

கூச்சமில்லாத பேச்சுக்கும் எங்கள் முன்னோர் இடம் வைத்திருந்தார்கள். கண்ணகி அம்மன் சடங்குக் காலத்தில் ஆடப்பட்ட கொம்பு விளையாட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இரண்டு பக்கமும் தங்கள் கொம்புகளைக் கொளுவி இழுக்கும், கொம்பு முறிந்த பக்கத்தை மற்றப் பக்கம் வசைக்கவி பாடிப் பரிகசிக்கும். என் அம்மம்மா சாதாரண நாளில் ஒரு தூசணம் காதில் விழுந்தால் "சிவசிவா" என்று காதைப் பொத்துகிறவ. அவவே அந்தக் கவிகளில் சிலதை எங்களுக்குப் பாடிக் காட்டியிருக்கிறா, ஒரு கண்ணிலும் வெட்கமில்லாமல். அம்மனுக்கு முன்னால், அந்த நாளில், அந்த விளையாட்டுக்குள் அது வசை. மறுநாள் சந்தையில் நின்று அதே வரியைப் பாடினால் தூசணம். கரைவலை இழுக்கிறவர்களின் அம்பாப் பாட்டிலும் இப்படிச் சில வரி கேட்டிருக்கிறேன். கயிறு கரையேறினதும் பாட்டும் நின்றுவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் கேட்பீர்கள். எங்கள் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். ஆபாசப் புத்தகம் விற்பது 285ஆம் பிரிவு, பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாக ஆபாசப் பாட்டோ சொல்லோ சொல்வது 287ஆம் பிரிவு. 1927ஆம் ஆண்டின் 4ஆம் இலக்க ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் தனியாக உண்டு. நான் கவனிக்கச் சொல்வது வினைச்சொற்களை. விற்பது, வைத்திருப்பது, காட்டுவது, பாடுவது, சொல்வது. எல்லாம் செய்கிறவனின் தொழில்கள். படத்தில் இருக்கிறவரைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆபாசம் என்றால் இன்னது என்று சட்டக்கோவை வரைவிலக்கணமும் தரவில்லை. அதனால் உங்கள் முறைப்பாட்டில் அந்தச் சொல்லை நம்பிக்கொண்டிருந்தால், இது ஆபாசமா இல்லையா என்று அந்த அக்காவின் உடம்பை வைத்தே வாதாடத் தொடங்குவார்கள். அந்த வாதத்துக்கு வாசலைத் திறந்துவிடாதீர்கள். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தில் வந்த 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைப் பற்றியது, சொல்லாலும் செயலாலும் செய்வது இரண்டும் அதற்குள் வரும், ஐந்து வருஷம் வரை சிறை உண்டு. எந்தப் பிரிவு பொருந்தும் என்பதைச் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லக்கூடியது சொல்லைப் பற்றி மட்டும்.

எழுத்து முறையையும் சொல்லிவிடுகிறேன். ஆபாசம், ஆபாசமான, ஆபாசமாக. அடுத்து வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: ஆபாசப் பேச்சு, ஆபாசக் காட்சி. 'ஆபாஷம்' என்று எழுதுவது பிழை. இந்தச் சொல்லை வினையடையாக, செயலோடு சேர்த்து எழுதப் பழகுங்கள். "ஆபாசமாகப் படம் எடுத்தான்" என்றால் எடுத்தவன்மேல் விழும். "ஆபாசப் படத்தில் இருந்தாள்" என்றால் இருந்தவள்மேல் விழும்.

இப்போது கடிதம். "இவருடைய ஆபாசப் படம் பரப்பப்பட்டுள்ளது" என்ற வரியை அப்படியே வெட்டிவிடுங்கள். 'பரப்பப்பட்டுள்ளது' என்ற செயப்பாட்டு வினையும் வேண்டாம், அதில் செய்தவன் ஒளிந்துகொள்கிறான். இப்படி எழுதலாம்:

"மேற்படி பெண் தன் வீட்டு வளவுக் கிணற்றில் குளித்துக்கொண்டிருந்தபோது, அவருக்குத் தெரியாமலும் அவருடைய சம்மதமில்லாமலும் இனந்தெரியாத நபர் ஒருவர் வேலிக்கு மேலால் கைபேசியில் படம் எடுத்துள்ளார். அப்படத்தை அவரை அவமானப்படுத்தும் வகையில் வாட்ஸ்அப் குழுக்களில் பலர் பரப்பியுள்ளனர். படம் எடுத்தவரையும் பரப்பியவர்களையும் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

ஆபாசம் என்ற சொல் இதில் எங்கும் இல்லை, அது இல்லாமலே நடந்தது முழுக்க விளங்குகிறது. பொலிஸில் எழுதுகிறவர் தன் பங்குக்கு அதைச் சேர்க்கப் பார்த்தால், சேர்க்க வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முறைப்பாடு உங்களுடையது, எழுதினதை வாசித்துக் காட்டும்படி கேட்கலாம். அங்கே போவதற்கு முதல் அந்த அக்காவின் வீட்டுக்கு நீங்கள் தனியப் போங்கள். குசினிப் பக்கமாக இருந்து, மெதுவாக, அவவுக்கு மட்டும் கேட்க வாசியுங்கள். எந்த வரியிலாவது அவ தலையைக் குனிந்தால் அந்த வரியை அங்கேயே இருந்து மாற்றி எழுதிவிட்டு, பிறகு கையொப்பம் வாங்குங்கள்.